பட்டப்பகல் வெள்ளி

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வெள்ளி கிடைக்கவில்லை. கணக்குப்படி அது கிழக்கு வானத்தில், தரைக்கும் உச்சிக்கும் நடுவில், சொன்ன நிமிஷத்தில் சொன்ன இடத்தில் நின்றிருக்க வேண்டும். தொலைநோக்கியின் வட்டத்துக்குள் வெறும் நீலம்தான் இருந்தது. யாரோ துடைத்துவைத்த மாதிரி சுத்தமான நீலம்.

"இல்லியேம்மா," என்று மேல்தளத்திலிருந்து அவள் புருஷனின் குரல் இறங்கி வந்தது.

கீழே, கடிகார அறையில், கையில் எண்கள் எழுதிய தாளோடு நின்றிருந்த அவள் பல்லைக் கடித்தாள். "இன்னொரு தடவை பாருங்க. நல்லா பாருங்க."

"நல்லாத்தாம்மா பார்த்தேன்."

அந்த வானாய்வு நிலையத்தில் அவள்தான் கணிப்பாளர். எல்லோருக்கும் கணக்கம்மா. இன்று ராத்திரி எந்த நட்சத்திரத்தை எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும், அப்போது அது வானத்தில் எங்கே இருக்கும், அதற்குத் தொலைநோக்கியின் இரண்டு டயல்களையும் எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்று பகலெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தாளில் எழுதிவைப்பது அவள் வேலை. சாயங்காலம் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு இரும்புப் படி ஏறி, எண்களின்படி தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்துவது ஆபரேட்டரின் வேலை. அந்த ஆபரேட்டரைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீடு திரும்பும் நேரத்தில் அவர் வேலைக்குக் கிளம்புவார். இப்படி வாசலில் குடும்பம் நடத்துகிற புருஷன் பெண்டாட்டியை வேறெங்கும் பார்க்க முடியாது என்று ஆபீஸில் கேலி செய்வார்கள்.

வேலை ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் இன்னொரு வருஷத்துக்கு நீட்டித்து ஒரு கடிதம் வரும். நிரந்தரம் கேட்டு அவள் எழுதிய மனுக்கள் கிணற்றில் போட்ட கல்தான். இயக்குநரிடம் கேட்டால், "மேலே போயிருக்கும்மா, வரும், வரும்," என்பார். மேலே என்றால் எந்த மேலே என்று அவளுக்குத் தெரியாது. வானத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வியாழக்கிழமை வருகிறது. கணிப்பாளர் என்று ஒருத்தரைத் தனியாக வைத்திருக்க வேண்டுமா, இல்லை எண்களைத் தலைமை அலுவலகத்திலிருந்தே தபாலில் வாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள். வேண்டும் என்றால் அவளுக்கு நிரந்தரம். வேண்டாம் என்றால் இந்த மாதத்தோடு அவள் மேஜை காலி.

"ராத்திரி தங்க மாட்டாங்களாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி பார்த்துட்டு, சாப்பிட்டதும் கிளம்பிடுவாங்களாம்," என்று இயக்குநர் போன வாரம் புலம்பினார். "பட்டப்பகல்ல வந்து வானாய்வு நிலையத்துல என்னத்தைப் பார்க்கிறது? இரும்புப் படியையா?"

"வெள்ளியைக் காட்டலாம் சார்," என்றாள் அவள். "பகல்லயும் அது அங்கேதான் இருக்கு. வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத்தான் தெரியறதில்லை. துல்லியமா இடம் சொன்னா தொலைநோக்கியில பளிச்சுனு தெரியும். ராத்திரின்னா கண்ணால தேடிப் பிடிச்சுடலாம். பகல்ல கணக்கு மட்டும்தான் வழி. கணிப்பாளர் எதுக்குன்னு அவங்களுக்கே புரிஞ்சுடும்."

இயக்குநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கும் அன்று முழுக்கப் பெருமை பிடிபடவில்லை. இப்போது யோசித்தால், தன் வாயாலேயே தனக்குக் குழி வெட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் இல்லை. "செவ்வாயில வெள்ளியைத் தேடினா எப்படிக் கிடைக்கும்?" என்று இயக்குநர் ஜோக் அடித்தார். சிரிக்க ஆள் இல்லை.

அன்று அவள் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள். ரேடியோவில் வரும் நேர ஒலியோடு வைத்துப் பார்த்தாள். அரை வினாடிகூட வித்தியாசம் இல்லை. பிறகு கால்குலேட்டரைச் சந்தேகப்பட்டாள். அதில் ஏழாம் நம்பர் பொத்தான் அழுத்தமாக அழுத்தினால்தான் விழும். எந்த இடத்திலாவது ஏழு விழாமல் போயிருக்குமோ என்று மொத்தக் கணக்கையும் காகிதத்தில், கையாலேயே, மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு திரும்பப் போட்டாள். நாலு மணி நேரம் ஆனது. அதே எண் வந்து நின்றது. பஞ்சாங்கப் புத்தகத்தில் தப்பான தேதியைப் பார்த்துவிட்டோமோ என்று பக்கத்தைப் புரட்டினாள். தேதி சரி. நிலையம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பார்த்தாள். கட்டடம் ஆறு வருஷமாக அதே இடத்தில்தான் இருந்தது.

தப்பு இருந்தால் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். தப்பே இல்லாத கணக்கு தப்பான விடையைத் தந்தால் மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது? தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல ஆத்திரமாக வந்தது. அதைவிட ஆத்திரம், வீட்டுக்காரர் காட்டிய பொறுமை. "விடும்மா, நாளைக்குப் பார்ப்போம்," என்று அவர் மெதுவாகச் சொல்கிற ஒவ்வொரு தடவையும், காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

புதன்கிழமை அவர் டயல்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். பன்னிரண்டரைக்கு அவள் கீழேயிருந்து நேரம் கத்தினாள். அவர் மேலே நிறுத்தினார். நீலம்.

"மேற்கே கொஞ்சம் தள்ளிப் பார்க்கட்டுமா சார்?" என்று அவர் மேலேயிருந்து கேட்டதற்கு இயக்குநர் அலறிவிட்டார். "மேற்கேயா? அந்தப் பக்கம்தான்யா சூரியன் இருக்கு! வெள்ளி அதுக்குப் பின்னால மூணு மணி நேரம் தள்ளி வருது. தேடறேன்னு குழலை அப்படியே இழுத்துட்டுப் போய் சூரியன் வட்டத்துக்குள்ள வந்துட்டா உன் கண்ணு போச்சு, என் வேலையும் போச்சு. கணக்குல என்ன இருக்கோ அதுல நிறுத்து. அதுல இல்லைன்னா இல்லை."

பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வேணும்னா அவங்களுக்குப் படம் காட்டிச் சமாளிச்சுக்கலாம்மா. பழைய ஃபோட்டோ நிறைய இருக்கு," என்றார்.

அவள் தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக் கீழ்ப்பகுதியில் அவருடைய அக்கா குடியிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே, "இன்னிக்கும் இல்லியா?" என்றாள்.

"இல்லை அண்ணி."

"உனக்கு எதுக்கு இந்த வீராப்பு? ராத்திரின்னா தம்பி எப்படியோ பார்த்துக்கறான். பகல்ல காட்டறேன்னு நீ ஏன் போய் மாட்டிக்கிட்டே? அவனும் பாவம் எத்தனைதான் சமாளிப்பான்?"

அவள் செருப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள். "சமாளிக்கிறாரா? எதை?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலையணை உறை ஒன்றை நாலாக மடித்ததை எட்டாக மடித்தாள். "ஒண்ணுமில்லை. போ, போய் மூஞ்சி கழுவு."

"அண்ணி, சொல்லுங்க."

"நான் சொன்னேன்னு சொல்லாதே. உன் கணக்கு எப்பவுமே கொஞ்சம் தள்ளித்தான் இருக்குமாம். அவன்தான் கண்ணால பார்த்து, நகர்த்தி, சரி பண்ணிப்பானாம். சொன்னா நீ மனசு உடைஞ்சுடுவேன்னு உன்கிட்ட மூச்சு விட்டதில்லை. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பிளை கிடைப்பானா?"

"எத்தனை நாளா?"

"நீ வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்துதான்."

மாடிப்படியில் அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் சாப்பாட்டு டப்பா, தோளில் ஸ்வெட்டர். அக்காவின் முகத்தையும் பெண்டாட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அவள் தெருவில் இறங்கி அவரோடு நடந்தாள். தையல் கடையைத் தாண்டியதும் கேட்டாள்.

"நிஜமா?"

"பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. ஒரு முழு நிலா அகலம் இருக்கும். பெரிய குழலோட முதுகுல சின்னக் குழல் ஒண்ணு இருக்கு இல்லே? ராத்திரியில அதுல நட்சத்திரம் தெரிஞ்சுடும். பார்த்து நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்துடுவேன். ஒரு நிமிஷ வேலை. பகல்லதான் அந்தச் சின்னக் குழல் மங்கல். ஒண்ணும் தெரியலை, குத்துமதிப்பா நகர்த்தவும் சார் விடலை."

"லாக் புக்குல ஒரு பத்தி இருக்கே. கணிச்சதுக்கும் கண்டதுக்கும் என்ன வித்தியாசம்னு எழுத. அதுல என்ன எழுதுவீங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"என்ன எழுதுவீங்கன்னு கேட்டேன்."

"இல்லைன்னு எழுதுவேன்."

அவளுக்கு அந்தப் பத்தி நன்றாகத் தெரியும். சேர்ந்த புதிதில் தினமும் காலையில் ஆசையோடு போய் அதைத்தான் முதலில் பார்ப்பாள். வித்தியாசம்: இல்லை. வித்தியாசம்: இல்லை. பரீட்சை எழுதிய பெண் மார்க்கைப் பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள். எப்போதும் சரியாக வருவதை எத்தனை நாள் பார்ப்பது? அவள் எப்போதாவது மேலே ஏறிப் போனாலும் நட்சத்திரம் வட்டத்தின் நட்டநடுவில் தயாராக நிற்கும். நிற்க வைத்துவிட்டுத்தான் மனுஷன் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

நடுத்தெரு என்றும் பாராமல் அவள் நின்றாள். என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. அடித்தவனை ஏன் அடித்தாய் என்று கேட்கலாம். ஆறு வருஷமாகத் தலையைத் தடவிக்கொடுத்தவனை என்ன கேட்பது? ஆனால் ஆத்திரத்துக்கு நடுவிலும் கணக்குப் புத்தி சும்மா இருக்கவில்லை. அது தனியாக ஒரு கேள்வி கேட்டது.

"எந்தப் பக்கம் நகர்த்துவீங்க?"

"மேற்கே."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே மேற்கேதான். கூடவே கொஞ்சம் மேலயோ கீழயோ இருக்கும். ஆனா மேற்கே நிச்சயம்."

"ஆறு வருஷமா?"

"ஆமாம்மா."

அவள் தன் தாளில் தப்புப் பண்ணியிருந்தால் நட்சத்திரம் ஒரு நாள் கிழக்கே போயிருக்கும், ஒரு நாள் மேற்கே போயிருக்கும், ஒரு நாள் நிலா அகலம், ஒரு நாள் பத்து நிலா அகலம் தள்ளியிருக்கும். கவனக்குறைவுக்கு ஒழுங்கு கிடையாது. ஆறு வருஷமாக ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் அது தப்புக் கணக்கு இல்லை. அது யாரோ வேண்டுமென்றே செய்கிற ஒரு காரியம். யார், என்ன காரியம் என்றுதான் தெரியவில்லை. அவர் வேலைக்குப் போனார். அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை அவர் ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்ததே பதினொன்றரைக்கு. இருவரும் நிலையத்துக்குப் போனபோது பன்னிரண்டு. குழு இயக்குநர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தது. அவள் கடிகார அறையில் நிற்கவில்லை. கைக்கடிகாரத்தை அங்கே ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, அவர் பின்னாலேயே படியேறினாள்.

"இன்னிக்கு நான் மேலேயே நிக்கறேன். நீங்க தினமும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க. எதையும் எனக்காக மாத்தாதீங்க."

அவர் கூரையின் கதவைத் திறந்தார். வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அவளுடைய தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு டயலுக்குப் போகவில்லை. குனிந்து, தொலைநோக்கி நிற்கும் இரும்புத் தூணின் அடியில் இருந்த தகர மூடியைத் தூக்கினார். உள்ளே, பழுப்பேறிய ஒரு நீளக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் விரலை வைத்து, உதடு அசைய எதையோ கூட்டினார். அதற்குப் பிறகுதான் டயலைத் திருப்பினார்.

"என்ன பண்றீங்க?"

"கூட்டறேன்."

"எதை?"

"இதுல இருக்கிறதைத்தான். வருஷத் திருத்தம். எந்த எண் வந்தாலும் இதைக் கூட்டிட்டுத்தான் நிறுத்தணும்னு பழைய கணிப்பாளர் சொல்லிக் கொடுத்தாரே. வருஷா வருஷம் எவ்வளவு ஏத்திக்கணும்னும் இதுலயே எழுதி வெச்சிருக்கார். நீ சேர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி அவர் ரிட்டயர் ஆகிப் போனார். நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை."

அவள் இரும்புப் படியின் மேல்தட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டிக்கொண்டே சுற்றுகிறது. அதனால் பட்டியலில் அச்சடித்திருக்கும் நட்சத்திரங்களின் எண்கள் வருஷத்துக்குக் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும். ஒரு வருஷத்தில் மயிரிழை. நிலையத்தில் இருந்த பட்டியலோ நாற்பது வருஷம் பழசு. நாற்பது வருஷ மயிரிழையைச் சேர்த்தால் ஒரு முழு நிலா அகலத்துக்கும் கொஞ்சம் அதிகம். பழைய கணிப்பாளர் பட்டியலில் இருக்கிற எண்ணை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டு, திருத்தத்தை ஆபரேட்டர் தலையில் கட்டியிருக்கிறார். ஆபரேட்டருக்கு ஒரே விதி இருக்கட்டும் என்று கிரகங்களுக்குக்கூடப் பின்னோக்கிப் போட்டுப் பழைய வருஷ எண்ணாகவே கொடுத்திருக்கிறார். அவளுக்கு அது தெரியாது. படித்தவர்கள் எல்லோரும் செய்வது போல, திருத்தத்தை மேஜையிலேயே கூட்டி, இன்றைய எண்ணாக எழுதி அனுப்பினாள். அவர் அதை வாங்கி இன்னொரு தடவை கூட்டினார். ஒருத்தி உப்புப் போட்ட குழம்பில் இன்னொருத்தர் தினமும் உப்புப் போட்டுவிட்டு, ஆறு வருஷமாக, 'பாவம், அவளுக்குச் சமைக்கத் தெரியாது' என்று சகித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

"அதை நான் கீழேயே கூட்டிட்டேங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஆறு வருஷமா தினமும் கூட்டித்தான் அனுப்பறேன்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நான்..."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. இயக்குநரின் குரல் எல்லோருக்கும் முன்னால் ஏறி வந்தது. "பார்த்து வாங்கம்மா, படி குறுகல். தலை இடிக்கும்."

"கூட்டாம நிறுத்துங்க," என்றாள் அவள். "தாள்ல இருக்கிறது இருக்கிறபடி. சீக்கிரம்."

குழுவின் தலைவி ஐம்பது வயது தாண்டிய அம்மாள். கணக்குத் தணிக்கையிலேயே காலம் தள்ளியவள் என்பது அவள் படியை எண்ணிக்கொண்டு ஏறியதிலேயே தெரிந்தது. கூட வந்த இரண்டு ஆண்களும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் மூலையில் பழைய ஃபோட்டோ அட்டைகளைத் தயாராகக் கட்டி வைத்திருந்தார்.

"பன்னிரண்டரை," என்றாள் அவள்.

வீட்டுக்காரர் கடைசி டயலை நிறுத்தி, கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து நின்றார். "இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

தலைவி குனிந்து பார்த்தாள். "அட! சின்னதா அரை நிலா மாதிரி நிக்குதே. இதா வெள்ளி? இத்தனை வெயில்லயா?" ஆண்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பார்த்தார்கள். இயக்குநர் ஃபோட்டோ அட்டைகளைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

"பார்த்தீங்களா? தேடவே இல்லை, நேரா நிறுத்தினதுதான். கணக்கம்மா நல்லா தேறிட்டாங்க," என்றார் உற்சாகமாக.

தலைவி திரும்பினாள். "தேறிட்டாங்கன்னா? முன்னாடி எப்படி?"

"முன்னாடி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா. சேர்ந்த புதுசுலேயே ஆபரேட்டர் எங்கிட்ட தனியா வந்து சொன்னார். தள்ளித்தான் இருக்கு சார், நான் சரி பண்ணிக்கறேன், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு. நல்ல மனுஷன். அதனாலதான் நிரந்தரத்துக்கு நான் அவசரப்பட்டு எழுதலை. இப்போ எழுதிடலாம். இந்த வருஷத்துலேருந்து."

கிணற்றில் கல்லைப் போட்டது யார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மேலே, மேலே என்று இத்தனை வருஷமாக எந்த மேலே என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்த மேலே அவள் வீட்டுக் கட்டிலில்தான் பகலெல்லாம் படுத்திருந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்க என்று பார்த்தாள். அவர் லென்ஸ் மூடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தும் துடைத்தார்.

"ஆமா சார்," என்றார் கடைசியில். "இப்போ நல்லா வந்துடுச்சு."

"தேறலை சார்," என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் தேறவும் இல்லை, முன்னாடி தப்பாப் போடவும் இல்லை. முதல் நாள் போட்ட கணக்கும் சரி, இன்னிக்குப் போட்டதும் சரி. நான் கூட்டி அனுப்பினதை இவர் இங்கே இன்னொரு தடவை கூட்டினார். இதோ இந்தக் காகிதத்தைப் பார்த்து. இன்னிக்குக் கூட்டலை. அதான் வெள்ளி வந்திருக்கு. என் தாள் எல்லாத்துக்கும் நகல் இருக்கு. எந்தத் தேதியை வேணும்னாலும் எடுத்துப் போட்டுப் பாருங்க."

"அப்படியா?" என்று இயக்குநர் ஆபரேட்டரிடம் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். "ஆமா சார். தப்பு என்னுது."

தலைவி லாக் புக்கைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "வித்தியாசம் இல்லைன்னுதானே எல்லா இடத்துலயும் இருக்கு?"

"அது நான் எழுதினதும்மா."

"இருந்த வித்தியாசத்தை இல்லைன்னு எழுதினீங்களா? ஆறு வருஷமா?" அவள் குரல் உயரவில்லை. உயராததே பயமாக இருந்தது. "இது அரசாங்கப் பதிவு. விளக்கம் எழுதிக் கொடுக்கணும். மெமோ இன்னிக்கே கொடுத்துடுங்க," என்று இயக்குநரிடம் சொன்னாள். பிறகு இவள் பக்கம் திரும்பி, "நகலை எடுத்துட்டு வாங்க," என்றாள்.

நகல்கள் பதினெட்டுக் கட்டு. தலைவி கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளை உருவினாள். ஆண்களில் ஒருவர் பஞ்சாங்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அரை மணி நேரம் போட்டார். சரியாக இருந்தது. இன்னொன்றை உருவினாள். அதுவும் சரி. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"பதவி வேணும்னு சிபாரிசு பண்றேன். அதுல சந்தேகம் இல்லை," என்றாள் தலைவி, பேனாவை மூடிக்கொண்டே. "ஆனா எந்தத் தேதியிலேருந்து நிரந்தரம்ங்கிறது விசாரணை முடிஞ்சப்புறம்தான். லாக் புக்கு ஒண்ணு சொல்லுது, உங்க ஆபரேட்டர் ஒண்ணு சொல்றார். மேலே அனுப்பிப் பார்க்கணும்."

மறுபடியும் மேலே. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

சாயங்காலம் அவருக்கு வேலை கிடையாது. மெமோ வாங்கினவர் விளக்கம் கொடுக்கும்வரை மேலே ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். மடித்த மெமோ அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ரொட்டிக் கடை வரை அவர் அவளுக்கு இரண்டடி பின்னாலேயே வந்தார்.

"நீ பேசாம இருந்திருந்தா இந்த வருஷத்துலேருந்து நிச்சயமாக் கிடைச்சிருக்கும்," என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"எனக்காகச் சொல்லலை. உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக நீங்க செஞ்சது போதும்."

அவர் நின்றுவிட்டார். நாலடி போனபிறகு அவளும் நின்று திரும்பிப் பார்த்தாள். வளர்ந்த ஆள், தெருவில் நின்றுகொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் கேட்காமல் விடவும் முடியவில்லை.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் முகத்தைப் பார்த்து உன் கணக்கு தப்புன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"சொன்னா நீ அழுவேம்மா. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை."

"அழுதிருப்பேன்," என்றாள் அவள். "அழுதுட்டு, அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிருப்பேன்."